ஈரப் பக்கத்துச் சம்பளம்

அதிகமாக வாங்குகிறவனுக்குச் சம்பளம் போதவில்லை, குறைவாக வாங்குகிறவளுக்குச் சரியாக இருக்கிறது என்று ஒரு தாள் சொன்னால், அதை எழுதியவருக்குக் கூட்டல் வரவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சலவை ஆலையில் கணக்கு எழுதும் கணக்கக்காவுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தோன்றிய கையோடு கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு புருஷனின் சம்பளத்தைக் கூட்டினாள். பிறகு நாத்தனாரின் சம்பளத்தைக் கூட்டினாள். புருஷன்தான் கூட வாங்கினான். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியை இரண்டு பேருமே எட்டியிருந்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆய்வுக்கார அம்மா, புருஷனின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் பெருக்கல் குறியும் நாத்தனாரின் பெயருக்கு நேரே சரிக்குறியும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

புருஷன் மட்டுமல்ல. ஈரப் பக்கத்து ஆட்கள் மொத்தப் பேருக்கும் சிவப்புதான்.

அந்தச் சலவை ஆலைக்கு இரண்டு பக்கம். லாரியில் வரும் அழுக்கு மூட்டைகள் முதலில் ஈரப் பக்கத்துக்குப் போகும். அங்கே ஆண்கள் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு மூட்டையைப் பிரிப்பார்கள், கறையைப் பார்த்து ரகம் பிரிப்பார்கள், ஆளுயர இயந்திரங்களின் வாய்க்குள் திணிப்பார்கள். தரையில் எப்போதும் நுரைத் தண்ணீர் ஓடும். பாய்லரிலிருந்து வரும் குழாய்கள் புஸ்ஸென்று பெருமூச்சு விடும். நடுவில் ஒரு சுவர், அதில் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கும் ஒரு வாசல். அதைத் தள்ளிக்கொண்டு போனால் காய்ந்த பக்கம். அங்கே பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று, சூட்டு உருளையிலிருந்து வழுக்கி வரும் போர்வையின் நான்கு முனையையும் பிடித்து, ஒரு உதறல், இரண்டு மடிப்பு, ஒரு தட்டு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஈரப் பக்கத்தில் கத்தினால்தான் பேச்சு கேட்கும். காய்ந்த பக்கத்தில் முணுமுணுத்தாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஈரப் பக்கத்துக்குத் தலைவன் கணக்கக்காவின் புருஷன். 'நீராவி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பாய்லர் பக்கம் வேலை செய்வதாலா, பேச ஆரம்பித்தால் சூடாகிவிடுவதாலா என்று கேட்டால் இரண்டும்தான். அவன் தங்கை காய்ந்த பக்கத்தில் மடிக்கிறாள். மூன்று பேரும் ஒரே வீடு.

"அந்தம்மாவுக்கு நம்ம மேல என்ன கோபம்?" முதலாளியம்மா கணக்கு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒற்றை இயந்திரத்தோடு தொழில் தொடங்கி ஆலையாக்கிய மனுஷி. உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் கிடையாது. "டீ குடுத்தோம். பிஸ்கட் வச்சோம்."

"பிஸ்கட்டைத் தொடவே இல்லம்மா."

"பாரு! அப்பவே எனக்குச் சந்தேகம். நான் யாருக்காவது குறைச்சுக் குடுத்திருக்கேனா? சட்டம் சொன்னதுக்கு மேலதானே குடுக்கறேன்?"

"கூட்டிப் பார்த்தேம்மா. மேலதான் இருக்கு."

"அப்புறம் என்ன இந்தச் சிவப்பு?"

அதுதான் தெரியவில்லை. தெரியாமல் இருக்க நேரமும் இல்லை. ஆலைக்கு வரும் துணியில் பாதிக்கு மேல் அந்த ஆஸ்பத்திரியின் துணி. தங்களுக்கு வேலை செய்யும் எந்த இடத்திலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது என்று அவர்கள் புதிதாக விதி போட்டிருந்தார்கள். ஆய்வுக்கார அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அப்போதும் சிவப்பு நின்றால், ஒப்பந்தம் வேறு ஆலைக்குப் போய்விடும். போனால் காய்ந்த பக்கம் ஹோட்டல் துண்டுகளை மடித்துப் பிழைத்துக்கொள்ளும். ஈரப் பக்கத்தில் பாதி இயந்திரம் நின்றுபோகும், நீராவியும் அவன் ஆட்களும் வீட்டில் உட்கார வேண்டும். கணக்கு எழுதுகிறவள் அவள். தாலி கட்டினவனின் வேலையே அவள் போட்ட கூட்டலில் தொங்கியது. ஆனாலும் ஒரு விடுகதை கையில் கிடைத்த பரபரப்பு அவளுக்கு வந்தது. அவளால் அதை மறைக்க முடியவில்லை.

ஆய்வுக்கார அம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ வண்டியில் இருந்தார், ஹாரன் சத்தம்.

"நான் உங்க கூட்டல்ல தப்புச் சொல்லலம்மா. கூட்டல் ரொம்பச் சரி. எதை எதைக் கூட்டலாம்ங்கறதுதான் கேள்வி."

"எதைக் கூட்டலாம், சொல்லுங்களேன்."

"சட்டத்துல நீளமா எழுதியிருக்கு. சுருக்கமாச் சொல்றேன். ஒரு மனுஷன் தன் வேலை நேரத்துல தன் வேலையைச் செஞ்சா, அவன் கையில கட்டாயமா நிக்கிற காசு எது? அதைக் கூட்டுங்க. வந்தா வரும், வராட்டி வராதுங்கற காசு சேராது. வேலைக்கு ஆகற செலவுக்குன்னு குடுக்கறதும் சேராது. ஒவ்வொரு படியையும் தனித்தனியா உலுக்கிப் பாருங்க…"

அதோடு சிக்னல் போய்விட்டது. அதற்கு மேல் அவர் எடுக்கவும் இல்லை.

*

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஊரார் துணியையெல்லாம் துவைத்துக் காயவைக்கிற குடும்பத்தின் துணி அன்று சமையலறைக்குள்தான் காய்ந்தது. அடுப்புக்கு மேலே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு கொடி. அதில் ஈரச் சட்டைகள். கணக்கக்கா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

நீராவி பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். இடது பூட்ஸின் கணுக்காலில் சைக்கிள் டியூப் ஒட்டு.

"அண்ணே, நீ ஃபெயிலாயிட்டியாமே?"

"யாருடி சொன்னா?"

"மடிப்புல எல்லாருக்கும் தெரியும். நாங்க பாஸ். சிவப்பு மையெல்லாம் உங்க பக்கம்தானாம்."

"வாயை மூடு. நீ என்னைவிடக் கம்மி வாங்கறவ. நீ எனக்குப் பாஸ் ஃபெயில் சொல்ல வந்துட்டியா? ஈரப் பக்கத்துக்கு வர்ற ஒவ்வொரு காசும் நான் சண்டை போட்டு வாங்கினது, தெரியுமா?"

அது பொய்யில்லை. அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும்போதெல்லாம் ஈரப் பக்கத்து ஆட்கள் நீராவியை முன்னால் விட்டுக்கொண்டு முதலாளியம்மாவிடம் போவார்கள். பேசிக் சம்பளத்தில் ஏற்றாதீர்கள், ஏற்றினால் சேமநிதிக்குப் பிடித்துவிடுவார்கள், தனியாக ஒரு பேர் வைத்துக் கையில் கொடுங்கள் என்பான். பாய்லர் பக்கத்தில் வேகிறோமே என்று ஒருமுறை சூட்டுப்படி வாங்கினான். தண்ணீரில் நிற்கிறோமே என்று ஒருமுறை பூட்ஸ் படி. நாள் தவறாமல் வருகிறோமே என்று ஒருமுறை வருகைப்படி. ஒவ்வொரு படியும் அவனுக்கு ஒரு பதக்கம் மாதிரி. காய்ந்த பக்கத்துப் பெண்களை முதலாளியம்மா கேட்டபோது, போர்வையின் முனையை விடாமலே, "எதுல வேணா போடுங்கம்மா" என்றார்கள். அவர் பேசிக்கிலேயே போட்டுவிட்டார்.

கணக்கக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண் கொடியின் மேல் இருந்தது.

"உலுக்கிப் பாருங்கன்னு சொன்னாங்க," என்றாள்.

"என்னத்தை?"

கணக்கக்கா ஒரு மூலையில் இருந்த சட்டைகளை ஒதுக்கினாள். கொடியில் வெறுமையாக ஒரு நீளம் கிடைத்தது. துணி மாட்டும் கிளிப்புகள் இருந்த டப்பாவைக் கவிழ்த்தாள்.

"இங்க பாருங்க. சட்டம் சொல்ற கூலியை நூறுன்னு வச்சுக்கங்க. ஒரு கிளிப் பத்து. அப்ப பத்து கிளிப் இருந்தா சட்டப்படி சரி. உங்க சம்பளம் நூத்திப் பத்து. பதினோரு கிளிப்."

"அதான் சொல்றேன்ல, ஒண்ணு கூட."

"பொறுங்க. பேசிக் ஆறு கிளிப். வாடகைப்படி ஒண்ணு. சூட்டுப்படி ஒண்ணு. பூட்ஸ் ஒண்ணு. வருகை ரெண்டு." சொல்லச் சொல்ல மாட்டினாள். பதினோரு கிளிப்பும் குருவிகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. "இப்ப உலுக்கறேன். போன மாசம் பாய்லர் ரிப்பேர்னு ஒரு வாரம் நின்னுதே, அப்ப சூட்டுப்படி வந்துதா?"

"அந்த வாரத்துக்குப் பிடிச்சாங்க. நீதானே பிடிச்ச?"

"நான்தான் பிடிச்சேன். பாய்லர் நின்னது உங்க தப்பா?"

"என் தப்பு எங்கேருந்து வரும்? நான் வேலைக்கு வந்தேன். பச்சைத் தண்ணியிலயே துவைச்சுக்கிட்டு நின்னேன்."

"வேலைக்கு வந்தீங்க, வேலை செஞ்சீங்க, காசு வரலை. அப்ப அது நிக்கிற காசில்ல." சூட்டுக் கிளிப்பைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

நாத்தனார் முட்டையை மறந்துவிட்டு அருகே வந்தாள். "அண்ணி, அடுத்தது வருகை!"

"வருகைப்படி. ஒரு நாள் வராட்டி மொத்தமும் போயிடும். ஒரு நாளுக்கு உண்டானது மட்டுமில்ல, முழுசும். வந்தும் போன கதை இருக்கே, நினைவிருக்கா?"

நீராவிக்கு நினைவிருந்தது. மழையில் பஸ் சிக்கிக் கொஞ்சம் தாமதமாகப் போனதற்கே ஒரு மாதம் வருகைப்படி போயிற்று. நீராவி கொடியையே பார்த்தான். பிறகு தானே கையை நீட்டி இரண்டு கிளிப்பையும் எடுத்துக் கீழே போட்டான்.

"பூட்ஸ் நிக்கும்," என்றான். "அதை எந்த மாசமும் பிடிக்கல."

"அது நீங்க வேலைக்குப் போட்டுக்க வேண்டிய பூட்ஸுக்கான விலை. வந்த வழியே கடைக்காரன்கிட்டப் போகவேண்டிய காசு. கூலின்னா அது வீட்டுக்கு வரணும்."

"வீட்டுக்குத்தான் வருதே அண்ணி!" நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணன்தான் வாங்கறதே இல்லையே. டியூப் ஒட்டி ஒட்டித்தானே ஓட்டுது!"

"பூட்ஸ் வாங்காம மிச்சம் பிடிச்சா அது கூலியாயிடாது. ஈரக்காலாத்தான் ஆகும். வெரலு இடுக்கெல்லாம் புண்ணு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு."

அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். பூட்ஸ் கிளிப் கீழே விழுந்தது.

"வாடகை?" என்றான், குரல் இறங்கி.

மூன்று பேரும் வாடகைப்படியை எல்லாப் பக்கமும் உலுக்கினார்கள். லீவு போட்டாலும் வந்தது. பாய்லர் நின்றாலும் வந்தது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு காசு வாடகை கொடுக்காத நாத்தனாருக்கும் மாதாமாதம் வந்தது. வாடகைச் சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. ஆக, பெயர்தான் வாடகை, விஷயம் கூலி.

"அப்ப பேரைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது அண்ணி. எப்படி வருதுன்னு பார்க்கணும்."

"அதேதான்! அதேதாண்டி!" கணக்கக்கா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். கையிலிருந்த உருளைக்கிழங்குத் தோல் அவள் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது.

கொடியில் ஏழு கிளிப்புகள் இருந்தன. பக்கத்தில் நாத்தனாரின் சம்பளத்தை மாட்டினார்கள். பேசிக் ஒன்பது, வாடகை ஒன்று. உலுக்கினார்கள். ஒன்றும் விழவில்லை. பத்து.

"நாங்க சண்டையே போடலண்ணே," என்றாள் தங்கை, ரொம்பப் பணிவாக. அதுதான் அவனுக்கு எரிந்தது.

"ஏழுதானா?" நீராவி ஸ்டூலில் உட்கார்ந்தான். "இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கினது இதானா?"

"கிழியக் கத்தி, விழற மாதிரி காசாப் பார்த்து வாங்கியிருக்கீங்க," என்றாள் கணக்கக்கா. ஆனால் குரலில் குத்தல் இல்லை. எழுதிக் கொடுத்தவள் அவளேதான். ஈரப் பக்கத்துக்கு ஒரு பட்டியல், காய்ந்த பக்கத்துக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகவே போட்டுப் பழகியிருந்தாள். இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

வாணலியில் வெங்காயம் தீய்ந்த வாசம் வந்தது. நாத்தனார் ஓடினாள்.

*

சாப்பிடும்போதுதான் அடுத்த முடிச்சு வந்தது. முட்டையும் உருளைக்கிழங்கும் கொஞ்சம் கருகியிருந்தன, யாரும் கவனிக்கவில்லை.

"சுலபம்," என்றாள் கணக்கக்கா. "கீழே கிடக்கறதுல மூணு கிளிப்பை, சூடு ஒண்ணு வருகை ரெண்டு, பேசிக்ல ஏத்திடுவோம். பேசிக் ஒன்பது, வாடகை ஒண்ணு. பத்து. சிவப்பு போயிடும். பூட்ஸைத் தனியா வச்சுப்போம்."

"ஏத்தினா சேமநிதிக்குப் பிடிப்பாங்க." நீராவி தட்டை நகர்த்தினான். "அதுக்குத்தானே இத்தனை வருஷம் ஏத்த வேண்டாம்னேன். பேசிக்ல பத்துல ஒண்ணு போயிடும். இப்ப அறுபதுல ஆறு போகுது. அப்ப தொண்ணூறுல ஒன்பது போகும். என் ஆளுங்ககிட்டப் போயி, உங்களுக்கு நல்லது பண்ணிட்டேன், கையில மூணு குறையும்னு சொல்லவா? என்னைத் தூக்கி மெஷினுக்குள்ள போட்டு மூடிடுவாங்க."

"அந்த மூணு எங்க போகுது? உங்க பேர்லதானே? முதலாளியம்மாவும் கூட மூணு போடணும். மூணு போட்டா ஆறாகுது."

"எப்பக் கிடைக்கும்? கிழவனான பிறகு."

"கிழவனானா சாப்பிட மாட்டியாண்ணே?"

"நீ பேசாத."

"ஏன் பேசக் கூடாது? நேத்து நானும் ஓவர்டைம் பார்த்தேன், நீயும் பார்த்த. ஒரு மணி நேரத்துக்கு எனக்கு என்ன வந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"என்ன, என்னைவிடக் கம்மியா வந்திருக்கும்."

கணக்கக்காவின் கை பாதி வழியில் நின்றது. கவளம் தட்டில் விழுந்தது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லையே! ஓவர்டைம் எதை வச்சுப் போடறேன்? பேசிக்கை வச்சு! உங்க பேசிக் அறுபது. இவ பேசிக் தொண்ணூறு. நீங்க ஒரு மணி நேரம் தண்ணியில நின்னு வாங்கறதைவிட, இவ ஒரு மணி நேரம் மடிச்சு வாங்கறது ஒண்ணரை மடங்கு!"

நீராவி தங்கை பக்கம் திரும்பினான்.

"இவளுக்கா?" என்றான் நீராவி.

"எனக்குத்தான்," என்றாள் தங்கை.

"ஒண்ணரை மடங்கா?"

"ஒண்ணரை."

அவன் எழுந்தான். கை கழுவினான். கொடியின் கீழே கிடந்ததில் மூன்று கிளிப்பைப் பொறுக்கினான். ஒவ்வொன்றாக மாட்டினான், ஏதோ இயந்திரத்தின் திருகை இறுக்குகிறவன் மாதிரி. அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"நாளைக்கு நானும் வரேன் முதலாளியம்மாகிட்ட," என்றான். "சண்டை போட இல்ல. இதை எல்லாம் திரும்பக் குடுத்துட்டு பேசிக்ல வாங்க."

"கோபமா?"

"கோபமா? எனக்கு இப்பவே போகணும் போல இருக்கு!"

*

முதலாளியம்மா உட்காரவில்லை. ஆனால் நடப்பதை நிறுத்திவிட்டார். கணக்கக்கா கிளிப் டப்பாவையே கொண்டு வந்திருந்தாள். மேசை விளிம்பில் மாட்டிக் காட்டினாள். அவர் உலுக்கிப் பார்த்தார், இன்னொரு தடவை உலுக்கினார். மூன்றாம் தடவை அவரே சிரித்துவிட்டார்.

"பேரு பேரா வச்சுக் குடுத்தேனேடி. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பெருமைப்பட்டேன்!"

"நானும்தாம்மா," என்றான் நீராவி.

"சரி, இப்ப என் பக்கத்துக் கணக்கைச் சொல்லு. நான் தானம் பண்ண ஆரம்பிச்சா ஆலை ஓடாது. சேமநிதிக்கு ஆளுக்கு மூணு கூடப் போடணும். அது எங்கேருந்து?"

இதற்குக் கணக்கக்கா காலையிலேயே கடைக்குப் போன் போட்டு விலை கேட்டு வைத்திருந்தாள். "பூட்ஸ் படின்னு ஆளுக்குப் பத்து குடுக்கறோம். அவங்க வாங்கறதில்ல." புருஷன் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "நாமே மொத்தமா வாங்கிக் குடுத்தா மாசக் கணக்குல ஆறுதான் ஆகுது. மிச்சம் நாலு. மூணு சேமநிதிக்குப் போனாலும் ஒண்ணு உங்க கையிலேயே நிக்குது."

முதலாளியம்மாவின் புருவம் ஏறியது. "ஓவர்டைம்? பேசிக் ஏறினா அதுவும் ஏறுமே."

இதற்கு நீராவி பதில் சொன்னான்.

"தினம் சாயங்காலம் ஓவர்டைம் எதுக்கு வருதுன்னு நினைக்கிறீங்கம்மா? காலையில எல்லாரும் வந்த பிறகுதான் பாய்லரைப் பத்த வைக்கிறோம். ஆவி ஏறற வரைக்கும் சும்மா நிக்கிறோம். அந்த நேரம்தான் சாயங்காலம் ஓவர்டைமா வருது. பாய்லர்காரரை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லி, முன்னாடி அனுப்பிடுங்க. நாங்க வரும்போதே ஆவி தயாரா இருக்கும்."

"இத்தனை நாள் ஏன்டா சொல்லல?"

"ஓவர்டைம் காசு வந்துதே," என்றான், பச்சைப் பிள்ளை மாதிரி. "இப்ப பேசிக்கே நிக்கும்னா, எனக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகணும்தானே."

முதலாளியம்மா கணக்கக்காவைப் பார்த்தார். கணக்கக்கா கூரையைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் முதலாளியம்மா. "வருகைப்படி இல்லன்னா திங்கக்கிழமை எவன் வருவான்?"

"வராத நாளைக்குச் சம்பளம் கிடையாது, அது எப்பவும் இருக்கறதுதான்," என்றான் நீராவி. "அது மேல மொத்தமும் போகும்னு பயமுறுத்தினா என்ன ஆகுது, தெரியுமாம்மா? காய்ச்சலோட வருவான். நான் வந்தேன். ஒரு சிவப்புத் துண்டு வெள்ளைப் போர்வைக்குள்ள போனது கண்ணுல படல…"

"அந்த ரோஸ் போர்வையா!" முதலாளியம்மா மேசையைத் தட்டினார், கிளிப்புகள் துள்ளின. "ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுக்குப் புதுசா வாங்கினதுன்னு நினைச்சாங்களே! அது நீயா? எத்தனை போர்வைக்கு நான் காசு கட்டினேன் தெரியுமா? உன் வருகைப்படியை ஒரு வருஷத்துக்குக் குடுத்திருக்கலாம்!"

"அதைத்தாம்மா சொல்றேன். இனிமே ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுக்கறோம். ஒருத்தன் வர முடியலைன்னா முன்னாடியே ஜோடிகிட்டச் சொல்லணும், அவன் அந்த மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கணும். ஜோடியை ஏமாத்திட்டு எவனும் வீட்டுல படுத்துக்க முடியாது. நாள் முழுக்க மூஞ்சியில முழிக்கணுமே."

முதலாளியம்மா கடைசியாக ஒருமுறை மேசை விளிம்பை உலுக்கினார். பத்து கிளிப்பும் நின்றன.

"போடு," என்றார். "புதுச் சம்பளப் பட்டியலைப் போடு. சூட்டோட சூடாப் போடு, நான் மனசு மாத்தறதுக்குள்ள."

*

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கார அம்மா குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். புதிய பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். கணக்கக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நின்றது.

"சூட்டுப்படி, வருகைப்படி ரெண்டும் எங்க?"

"பேசிக்குள்ள போயிடுச்சு. இனிமே பாய்லர் நின்னாலும் பிடிக்க மாட்டோம். ஒரு நாள் வராட்டி அந்த ஒரு நாள் மட்டும்தான்."

"பூட்ஸ்?"

"நாங்களே வாங்கறோம். அதைக் கூலிக் கணக்குல காட்டல."

"வாடகையை மட்டும் ஏன் தனியா விட்டீங்க?"

"அது எல்லாருக்கும், எல்லா மாசமும், கேள்வி கேட்காம வருது. உலுக்கினாலும் விழல."

ஆய்வுக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "இந்த விதியை நான் எத்தனையோ இடத்துல சொல்லியிருக்கேன். உலுக்கிப் பார்த்தவங்க நீங்கதான்." பிறகு முதலாளியம்மாவிடம் திரும்பினார். "இதுவரைக்கும் குறைஞ்ச மாசங்களுக்கு என்ன செய்யறீங்க?"

முதலாளியம்மா பட்டியலை அவர் பக்கம் தள்ளினார். "தவணையாக் குடுத்துடறேன். அதையும் எழுதிக்கங்க."

சிவப்புப் பேனா மூடியே கிடந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் சரிக்குறி விழுந்தது. கடைசிப் பெயருக்கு விழுந்ததும் கணக்கக்கா அறையை விட்டு ஓடினாள். காய்ந்த பக்கத்தைத் தாண்டும்போது நாத்தனார் போர்வை முனையைக் கையில் பிடித்தபடியே, "அண்ணி, பாஸா?" என்று கத்தினாள். "பாஸ்!" என்று திரும்பக் கத்திவிட்டுப் பிளாஸ்டிக் பட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஈரப் பக்கத்துக்குள் போனாள். செருப்புக்குள் நுரைத் தண்ணீர் ஏறியது.

ஆட்கள் இயந்திரங்களை விட்டு அவளைச் சுற்றி வந்தார்கள். அவள் சொல்ல வாயெடுத்தாள். குழாயின் பெருமூச்சில் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். நீராவி ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்றான். இத்தனை வருஷம் கத்திப் பழகிய தொண்டை.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஆஸ்பத்திரித் துணி நம்மகிட்டயே இருக்கு. ஒருத்தனும் வீட்டுக்குப் போகல!"

ஒரு விசில் பறந்தது.

"ஆனா கையில என்ன வரும்?" என்று இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"சொல்றேன். சூட்டுக் காசும் வருகைக் காசும் பேசிக்குள்ள போயிடுச்சு. பேசிக் அறுபது இருந்தது தொண்ணூறு ஆச்சு. வாடகை பத்து. ரெண்டும் சேர்ந்து நூறு, சட்டம் கேக்கற நூறு. பூட்ஸுக்குக் காசு வராது, பூட்ஸே வரும். சேமநிதிக்கு மூணு கூடப் பிடிப்பாங்க, கம்பெனி அதுக்கு மேல மூணு போடும், ஆறும் உன் பேர்ல நிக்கும். ஓவர்டைம் பார்த்தா முன்ன வாங்கினதுல ஒண்ணரை மடங்கு. பாய்லர் ஓடினாலும் நூறு, நின்னாலும் நூறு!"